துப்பிய தூரம்

ஜூன் 9, திங்கள்

காலை 6.04. பூங்காவின் வடக்குக் குழாய். ஞானதிரவியம் வாய் நிறையத் தண்ணீர் பிடித்தார். அண்ணாந்து, தொண்டைக்குள் அதை ஒரு நிமிடம் களகளவென்று உருட்டினார். பிறகு உதட்டைக் குவித்து நடைபாதை மேலேயே துப்பினார். நடைபாதைக் கல் ஒவ்வொன்றும் ஒரு அடிச் சதுரம். கடைசிச் சொட்டு விழுந்தது ஏழாவது கல்லில். மேற்குக் காற்று, மிதமானது. துப்பியது கிழக்கு நோக்கி. ஆகவே ஏழு அடியில் காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு.

இன்று முதல் இதைக் குறித்துவைப்பதென்று முடிவு. புகார் கொடுத்தால் ஆதாரம் கேட்பார்கள். வானிலைக் கூடத்தில் முப்பத்துமூன்று வருடம் கருவிகளைப் பார்த்து எழுதியவன் நான். ஆதாரம் இல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது என்பதாவது எனக்குத் தெரியும். சட்டைப்பையில் சிறு குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறேன். அந்த இடத்திலேயே அதில் எழுதி, வீட்டுக்கு வந்து இதில் விரிவாகப் பெயர்த்தெழுத வேண்டும்.

நான் குனிந்து கல்லை எண்ணிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"என்னவே குத்தாலம், என்னத்தத் தேடுதீரு? பல்செட்டு விழுந்துட்டா?"

என் பெயர் குற்றாலநாதன். பல்லெல்லாம் சொந்தப் பல். நடந்தேன். அந்த ஈரத்தைச் சுற்றிக்கொண்டுதான்.

அவர் முப்பத்தோரு வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர். ஓட்டுநர் சன்னல் வழியாகத் துப்பிப் பழகிய வாய். பக்கத்தில் போன சைக்கிள்காரன் மேல் ஒரு சொட்டுப் பட்டதில்லை என்று பெருமை வேறு.

ஜூன் 10, செவ்வாய்

6.05. ஏழு கல். காற்றே இல்லை. ஆகவே நேற்றுக் காற்றுக்குக் கொடுத்த பங்கைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜூன் 12, வியாழன்

6.03. ஏழு. கூடவே சளி. நிறம் எழுத விரும்பவில்லை.

6.30 முதல் 7 வரை சிரிப்புச் சங்கம். ஓய்வுபெற்ற தாசில்தார் பூதலிங்கம் தலைமை. பதினைந்து கிழவர்கள் வட்டமாக நின்று, சிரிக்க ஒன்றும் இல்லாமல் சிரிக்கிறோம். கடைசியில் 'சிங்கச் சிரிப்பு': கண்ணை உருட்டி, நாக்கைத் தாடை வரை நீட்டி, இரண்டு கையையும் நகம்போல் மடக்கித் தூக்கி, 'ஹாஆ' என்று கத்த வேண்டும். பதினைந்து நாக்குகள். வெள்ளை படிந்தவை, வெடித்தவை, வெற்றிலைக் காவி ஏறியவை. காலையில் காப்பி குடிக்கவே பிடிப்பதில்லை.

பிறகு ஏன் போகிறாய் என்றால், ரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று என் மனைவி உலகம்மாள் அனுப்புகிறாள். தவிர, ஐந்தே முக்காலுக்கு ஞானதிரவியம் வாசலில் நின்று "வே குத்தாலம்!" என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி கூப்பிடுவார். போகாவிட்டால் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அவர் மனைவி இறந்து ஆறு வருடம், வீட்டில் யாருமில்லை, மகள் தூத்துக்குடியில். கூப்பிட வேறு வாசல் இல்லை போலும். எங்களை நண்பர்கள் என்று தெருவில் சொல்கிறார்கள். பக்கத்தில் நடப்பவர் என்பதே சரி.

பிற்பகல் சங்கத் தலைவருக்குப் புகார் எழுதினேன். தேதி, நேரம், தூரம், காற்றின் திசை, அதன் பங்கு எல்லாம் உண்டு. கையெழுத்து மட்டும் போடவில்லை. போடலாம் என்று மூன்று முறை பேனாவை எடுத்தேன்.

"யாருக்கு எழுதுதிய?" என்றாள் உலகம்மாள்.

"மின்வாரியத்துக்கு."

ஜூன் 16, திங்கள்

பூதலிங்கம் என் கடிதத்தை வட்டத்தின் நடுவில் நின்று உரக்கப் படித்தார். நான் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். வார் சரியாகத்தான் இருந்தது.

ஞானதிரவியத்துக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். சங்கத்தில் அது ஒன்றுதான் நிஜச் சிரிப்பு.

"ஏழடின்னு போட்டிருக்கானா? எவனோ ஒருத்தன் என் எச்சிய அளந்திருக்கான்வே! தாசில்தாரே, அந்தத் தாள என்கிட்டத் தாரும். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டணும்."

வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் கடிதம் அவருடைய நெஞ்சில், வெற்றிலைப் பொட்டலத்தோடு.

ஜூன் 20, வெள்ளி

இன்று ஒரு கல்கூடத் தேறவில்லை. உதட்டைக் குவித்தார்; தண்ணீர் வலது கடைவாய் வழியாக வழிந்து, தாடையில் தொங்கி, சட்டைக்குள் இறங்கியது. கொழகொழவென்று. ஒரு கணம் எனக்குத் திருப்தியாக இருந்ததை மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

"வாயி மரத்துப்போச்சுவே. சுண்ணாம்பு கூடிட்டு" என்றார். வார்த்தை கொஞ்சம் நழுவியது. வலது காலில் செருப்பு கழன்றது தெரியாமல் பத்தடி நடந்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். தொட்ட விரலைக் குழாயில் இரண்டு முறை கழுவினேன். பதினைந்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. டீக்கடையில் வழக்கம்போல் உறிஞ்சிக் குடித்தார்.

கடிதம் வேலை செய்கிறது. கூச்சத்தில் சரியாகத் துப்ப வரவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 21, சனி

6.04. ஏழு. திருந்தவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

பிற்பகல் 2.20. ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாட்குறிப்பு வீட்டில் இருக்கிறது. இது தனித்தாள், பிறகு ஒட்டிக்கொள்ளலாம். மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து இப்படி.

காலையில் எல்லாம் வழக்கம்போல்தான். 6.04க்கு ஏழு கல். 6.06க்கு அவர் என்னிடம் ஒரு அசிங்கமான வாக்கியம் சொன்னார். அதையும் குறிப்பேட்டில் எழுதினேன். பிறகு நான் என் மூன்று சுற்று நடந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 6.30க்குச் சங்கம் ஆரம்பம். இன்று சிங்கச் சிரிப்பை முதலிலேயே வைத்தார் பூதலிங்கம்.

எனக்கு எதிரில் ஞானதிரவியம். நாக்கு நேராக வராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. வாயின் இடது பாதி சிரித்தது; வலது பாதி சிரிக்கவில்லை. இடது கை மட்டும் நகமாக உயர்ந்தது. வலது கை ஈரத்துண்டு மாதிரி தொங்கியது. உதட்டோரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கிச் சட்டைப் பித்தானைத் தொட்டது.

"ஆகா! ஒத்தக் கை சிங்கம்!" என்றார் பூதலிங்கம். "பாருங்கய்யா, இதாம்யா நடிப்பு!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஞானதிரவியம் எப்போதும் கோமாளித்தனம் செய்பவர்; இதுவும் அப்படித்தான் என்று நினைத்தார்கள். கைதட்டக் கைதட்ட அவர் கண் என்னையே பார்த்தது. அந்தக் கண் நடிக்கவில்லை.

என் முதல் உணர்ச்சி அருவருப்பு. இரண்டாவதும் அதுவே. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போதுதான் கடைவாயில் தண்ணீர் வழிந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. ரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்கும் வரிசையில் நிற்கும்போது சுவரில் இருப்பதையெல்லாம் படிப்பது என் வழக்கம். அங்கே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால், நேரத்தைக் குறித்துக்கொள், உடனே 108. நூறு முறை படித்திருப்பேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். 6.41. வட்டத்தைக் கடந்து அவரிடம் போனேன்.

"ரெண்டு கையையும் தூக்கும்" என்றேன். ஒரு கை வந்தது. "உம்ம பேரச் சொல்லும்." வாய் திறந்தது, சத்தம் வந்தது, பெயர் வரவில்லை. கால் மடங்கிற்று. நாலு பேர் பிடித்துப் பெஞ்சில் சாய்த்தார்கள்.

அதன்பின் எல்லோரும் மருத்துவர்கள். வலிப்பு என்று ஒருவர் சாவிக்கொத்தை அவர் வலது கையில் திணித்தார். கீழே விழுந்தது. மறுபடி திணித்தார். மறுபடி விழுந்தது. ஒருவர் விரல் நுனியில் ஊசி குத்த வேண்டும் என்று குண்டூசி தேடினார். இன்னொருவர் சோடா வாங்கிவந்து உடைத்து வாயருகே கொண்டுபோனார். தொண்டை வேலை செய்யாதவனுக்குத் தண்ணீர் கொடுத்தால் அது நுரையீரலுக்குப் போகும். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். கையால் அவர் வாயை மூடினேன். உள்ளங்கை முழுக்க எச்சில். சூடான, வெற்றிலை நாற்றமடிக்கும் எச்சில். எனக்குக் குமட்டியது. கையை எடுக்கவில்லை.

"யோவ், என்னய்யா செய்யுதீரு, மூச்சு முட்டிரும்!"

"மூக்கு இருக்கு" என்றேன். இப்படியொரு பதிலை என் வாழ்நாளில் யாருக்கும் சொன்னதில்லை.

பூதலிங்கம் என்னை ஒதுக்கினார். "இது வாதம்யா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா படுக்கைதான். சூடு ஆறதுக்குள்ள புறா ரத்தம் தேய்க்கணும். என் மச்சினன் நடந்தே வீட்டுக்கு வந்தான். எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு, அர மணி நேரம். ஏய், ஆட்டோவக் கூப்பிடு!"

ஆட்டோ வந்துவிட்டது. ஏற்றவும் தொடங்கினார்கள். தாசில்தார் சொன்னால் எழுந்து நிற்கிறவன் நான். ஆனால் எனக்கு அந்த நேரம் புறாவின் கழுத்தைத் திருகுவதும், அந்த ரத்தத்தை இந்த முகத்தில் பூசுவதும் கண்ணில் தெரிந்தது. தைரியம் வந்ததாக யாரும் நினைக்க வேண்டாம், வந்தது குமட்டல்தான். ஆட்டோவின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு கையில் செல்போன். 108. நேரம் 6.46.

"கிழவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டா?" என்று ஆட்டோக்காரர் ஒலிப்பான் அடித்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை நான் எழுந்திருக்கவில்லை. வந்தது 6.59.

அதே நாள், மாலை 4.10

மீதியையும் எழுதிவிடுகிறேன்.

அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர், நிலோஃபர் என்று பெயர்ப்பட்டை. என் பேத்தி வயது. தலையை ஸ்கேன் எடுக்க அனுப்பிவிட்டு எங்களிடம் வந்தார். பூதலிங்கமும் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்திருந்தார்.

"கடைசியா எப்போ இவர் நல்லா இருந்தார்?"

"காலையில வரும்போதே ஒரு மாதிரிதான் இருந்தாரு" என்றார் பூதலிங்கம். அவர் காலையில் ஞானதிரவியத்தைப் பார்த்ததே 6.30க்குத்தான். தூத்துக்குடியிலிருக்கும் அவருடைய மகள் ஜெபராணியைத் தொலைபேசியில் பிடித்தார்கள். நேற்று இரவு அப்பா போனை எடுக்கவில்லை என்று அழுதாள்.

டாக்டர் முகம் மாறியது. "ரத்தக் கட்டியக் கரைக்கிற ஊசி இருக்கு. நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். ராத்திரியே ஆரம்பிச்சிருந்தா போடறது ஆபத்து, மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். நேரம் உறுதியாத் தெரியலைன்னா என்னால போட முடியாது. யாராவது காலையில இவரோட பேசினீங்களா?"

என் சட்டைப்பையில் குறிப்பேடு இருந்தது. பக்கத்தில் பூதலிங்கம் நின்றார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 7.31. முள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தேன்.

டாக்டர் உரக்கப் படித்தார். "'6.04. கல் ஏழு. காற்று இல்லை.' என்ன சார் இது? என்ன கல்லு?"

சொன்னேன். துப்புவதை, அளப்பதை. சொல்லும்போது பூதலிங்கத்தின் பக்கம் பார்க்கவில்லை.

"உதட்டைக் குவிச்சுத் துப்பினாரா?"

"ஆமாம்மா. நேர்கோட்டுல."

"ஓரத்துல வழியலையே?"

"ஒரு சொட்டுகூட இல்ல. கடைசிச் சொட்டு தாடையில நிக்குதான்னு தெனமும் பார்ப்பேன். அதுதான் எனக்கு ரொம்ப அருவருப்பு. இன்னைக்கு நிக்கல."

"பேசினாரா? தெளிவா?"

"6.06க்குப் பேசினார். எழுதியிருக்கேன். அது, வந்து, சொல்லத் தகுந்ததில்ல."

"இந்த ஒரு வரி மட்டும் புரியல. சொல்லுங்க சார், நேரம் போகுது."

அந்த நடைக்கூடத்தில், நர்சுகள், காவலாளி, ஸ்ட்ரெச்சரில் கிடந்த இரண்டு நோயாளிகள் எல்லோரும் கேட்க நான் சொன்னேன்: "'வே குத்தாலம், உம்ம மூஞ்சியப் பாத்தா மூணு நாளா வெளிக்குப் போகாதவன் மாதிரி இருக்கு. நாட்டு வாழப்பழம் ரெண்டு தின்னும்.'"

"இவ்வளவும் குழறாம?"

"ஒரு எழுத்து குழறல."

அவர் தன் தாளில் எழுதினார்: கடைசியாக நலமாக இருந்தது, காலை 6.06. ஸ்கேனில் கசிவு இல்லை என்று ஆள் வந்து சொன்னார். ஊசி ஏறியது 7.52.

குறிப்பேட்டைத் திருப்பித் தருமுன் டாக்டர் முன்பக்கத்தைப் புரட்டினார். "இது என்ன சார், வெள்ளிக்கிழமை? 'வலது கடைவாய் வழிந்தது, வார்த்தை நழுவியது, செருப்பு கழன்றது.' பதினஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கீங்க. இதுதான் முன்னெச்சரிக்கை. அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கலாமே. யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"குறிச்சு வச்சேன்" என்றேன்.

"குறிச்சு வச்சீங்க" என்றார் அவர். அவ்வளவுதான்.

நாங்கள் நடைக்கூடத்தின் கோடிக்கு வரும்வரை பூதலிங்கம் காத்திருந்தார். "அப்ப அந்த மொட்டக் கடுதாசி நீருதானா? சீ. கூடவே நடந்துக்கிட்டு."

அவர் சொன்னதில் தவறில்லை.

ஜூன் 25, புதன்

உயிருக்கு ஆபத்து நீங்கியது என்கிறார்கள். வலது கையில் இரண்டு விரல் அசைகிறது. பேச்சு இல்லை. எரிவாயு உருளை வந்தது. குடிநீர் வடிகட்டி கழுவினேன்.

ஜூன் 26, வியாழன்

பூதலிங்கம் ஆஸ்பத்திரிக்கு ஒரு பிளாஸ்க்குடன் வந்தார். ஜெபராணியைத் தனியே அழைத்துப் பேசினார். அவள் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு திகைத்து உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, தாசில்தார் சார் சொல்லுதாங்க. டாக்டர் பாக்காத நேரம் தேய்ச்சிரச் சொல்லுதாங்க. நான் என்ன செய்யட்டும்? பொறவு தேய்க்காமத்தான் கை வரலன்னு ஆயிட்டுன்னா?"

மூடியைத் திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மேலே ஆடை கட்டியிருந்தது. ஒரு இறகு ஒட்டியிருந்தது. கழிப்பறைக்குக் கொண்டுபோய் ஊற்றி, நாலு வாளி தண்ணீர் விட்டேன். பிளாஸ்க்கைச் சோப்புப் போட்டுக் கழுவி, கவிழ்த்து உலரவைத்து, பூதலிங்கத்திடம் கொடுத்தேன்.

"உங்க பிளாஸ்க்கு" என்றேன்.

சிரிப்புச் சங்கத்தில் இனி எனக்கு இடமில்லையாம். மகிழ்ச்சியாக இருக்க வேண்டிய செய்தி. கழிப்பறைக்குத் திரும்பப் போய் வாந்தி எடுத்தேன்.

ஜூன் 28, சனி

முதல் வார்த்தை வந்தது. நர்சு ஊசி குத்தும்போது. எழுதத் தகாத வார்த்தை. ஆனால் முழுமையாக, பிசகில்லாமல் வந்தது. ஜெபராணி கண்ணீரோடு "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள். நர்சும் சிரித்தாள். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். 10.17.

ஜூலை 4, வெள்ளி

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜெபராணி அடுப்படியில் இருக்கும்போது கஞ்சி ஊட்டுவது என் பொறுப்பு. எப்படி என் பொறுப்பானது என்று தெரியவில்லை. கெட்டியான கஞ்சி, சிறு கரண்டி, நிமிர்ந்து உட்கார்த்தி, விழுங்கியபின் அடுத்த கரண்டி. பாதி திரும்பி வருகிறது. தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு மடிப்பு இருக்கிறது. அதில் கஞ்சி தேங்குகிறது. துடைக்கிறேன். அருவருப்பு குறையவில்லை. குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அவர்கள் துடைத்ததில்லை.

என் கைக்குட்டைகளை உலகம்மாள் வெந்நீரில் ஊறப்போடுகிறாள். "ஒரு நாளைக்கு ஆறா?" என்றாள். நேற்று ஏழு. சொல்லவில்லை.

ஜூலை 11, வெள்ளி

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். கன்னத்தை ஊது, உதட்டைக் குவி, மெழுகுவத்தியை அணை. அவர் ஊதினால் சுடர் அசைவதில்லை. எச்சில்தான் மெழுகில் விழுகிறது. கோபத்தில் இடது கையால் மெழுகுவத்தியைத் தட்டிவிட்டார்.

ஒரு திருத்தம். ஜூன் 24ஆம் தேதிக் குறிப்பில் '6.41' என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. அவர் முகத்தை நான் முதலில் பார்த்தது 6.32. அப்போதே கடிகாரத்தையும் பார்த்தேன், குறிப்பேட்டில் 6.32 என்றே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அந்தத் தனித்தாளில் எழுதும்போது மாற்றினேன். நடுவில் ஒன்பது நிமிடம் நான் என் இடத்தில் நின்றேன். ஒருவேளை நடிப்பாக இருந்தால் எல்லோரும் சிரிப்பார்களே என்று நின்றேன். இரண்டு முறை நாக்கையும் நீட்டினேன், மற்றவர்களோடு சேர்ந்து.

முப்பத்துமூன்று வருடம் காற்றழுத்தத்தை அளந்தேன். அது மளமளவென்று இறங்கிய நாட்களிலும் 'புயல் வரும்' என்று நானாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்வது மேலே இருப்பவர்கள் வேலை. எழுதுவது என் வேலை. அந்த வேலையை ஜூன் 20 வெள்ளிக்கிழமையும் ஒழுங்காகச் செய்தேன்.

என்னைப் பற்றி எழுதும்போதும் அதே குமட்டல் வருகிறது.

ஜூலை 23, புதன்

கோலூன்றி நடக்கிறார். சுடர் இன்று அசைந்தது. அணையவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

வாய் கொப்பளிக்கலாம் என்று பயிற்சிப் பெண் அனுமதித்துவிட்டாள், விழுங்குவது சரியாகிவிட்டதாம். இன்று முற்றத்துக் குழாயில் முயன்றார். எல்லாம் பனியனுக்குள் போனது. பனியனை நான்தான் கழற்றினேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஐந்தே முக்காலுக்கு நான் அவர் வாசலில் நின்றேன். தெருவுக்குக் கேட்கிறமாதிரி கூப்பிட எனக்கு வராது, கதவைத் தட்டினேன். இரண்டு பேரும் மெதுவாகப் பூங்காவுக்குப் போனோம். சிரிப்புச் சங்கம் கூடுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும் என்பது என் திட்டம்.

வடக்குக் குழாய்க்கு முன் அவரை நிறுத்தி, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். முதலில் கடிதம்.

"அன்னைக்கே தெரியும்வே" என்றார். இன்னும் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்கிறார். "காத்துக்கு... ஒரு பங்குன்னு... எந்தப் பய எழுதுவான்? உம்மத் தவிர."

"தெரிஞ்சுமா துப்பினீரு?"

"நீரு... குனிஞ்சு எண்ணுதீரே. ஏழுக்குக் கொறஞ்சா... உமக்கு ஏமாத்தமா இருக்கும்லா."

பிறகு அவர் செருப்பு கழன்ற வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். பிறகு ஒன்பது நிமிடத்தைச் சொன்னேன். நாக்கு நீட்டியதையும் விடவில்லை. அவர் கோலின் பிடியைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் குரோட்டன்ஸ் செடிகளைப் பார்த்தார். அவருடைய வலது கை இன்னும் பித்தான் போடுவதில்லை. காலையில் போட்டது நான்.

"பாத்தேன்" என்றார். "நீரு நாக்க நீட்டுனதப் பாத்தேன். செத்தோம்னு... நெனச்சேன்."

நான் அவர் சட்டையின் மேல் பித்தானைச் சரிசெய்தேன்.

"பயந்தாங்கொள்ளிப் பய" என்றார். கொஞ்சம் கழித்து, "பெறகு வந்தீர்லா" என்றார்.

குழாயைத் திறக்கச் சொன்னார். இடது உள்ளங்கையில் தண்ணீர் பிடித்தார். அண்ணாந்தார். தொண்டைக்குள் பழைய களகளச் சத்தம், பாதி அளவில். உதட்டைக் குவித்தார். வலது ஓரம் நடுங்கியது. அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் விலகி நிற்க மறந்துவிட்டேன்.

என் வேட்டி, என் முழங்கால், என் செருப்பு. வெதுவெதுப்பாக, வெற்றிலை வாடையோடு. வெற்றிலை கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எங்கே ஒளித்துவைத்திருக்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"எத்தனைவே?" என்றார்.

குனிந்து பார்த்தேன். குறிப்பேட்டை எடுத்தேன். நேரம் 6.09. கல் ஒன்றரை; அதில் அரைக் கல் என் வேட்டி. காற்று இல்லை. முழுவதும் அவருடையது.